அப்பாவின் எஞ்சினில் நான் அடித்த தகடு

கண்டியில் பழைய சாமான் விற்கும் கடையொன்றில் பித்தளை துலக்குகிறேன். உடைந்ததைப் பற்றவைப்பதும் என் வேலைதான். வாடிக்கையாளரோடு பேசுவது முதலாளியின் வேலை. அது எனக்கு வசதி.

கலகெதரப் பக்கம் ஒரு வீட்டைக் காலி செய்தபோது வந்த பெட்டியில் ஒரு பொம்மை நீராவி எஞ்சின் இருந்தது. ஒரு சாண் உயரம். பித்தளைக் கொதிகலன், அடியில் ஸ்பிரிட் விளக்கு, பக்கத்தில் ஒரு சக்கரம். விரலால் தட்டிவிட்டால்தான் சக்கரம் சுற்றத் தொடங்கும். முன்பு கடைக்கு வந்தவை எல்லாம் வெளிநாட்டில் செய்தவை. அவற்றில் சக்கரம் வலப்பக்கம். இதில் இடப்பக்கம்.

என் அப்பா இடது கைக்காரர். தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்தார். டிசம்பரில் நத்தார் பண்டிகை வந்தால் தோட்டத்துத் துரை வீட்டுப் பிள்ளைகளுக்காகக் கழித்த குழாயில் இப்படிச் செய்து கொடுப்பார். ஏழெட்டு செய்திருப்பார். எங்கள் லயத்து வீட்டில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. புகைபோக்கியின் வாயை மடித்திருந்த விதத்தைத் தடவிப் பார்த்தேன். அவர் வேலைதான்.

முதலாளி வந்து புரட்டிப் பார்த்தார். "செஞ்சவன் பேரு எங்கயும் இல்லையே."

"இல்லீங்க."

"அப்பன் பேர் தெரியாத புள்ள மாதிரி நிக்குது. யாரு வாங்குவா?" என்று சிரித்தார். உடைந்த வெளிநாட்டு எஞ்சின் ஒன்றிலிருந்து கழற்றிவைத்த சிறு பெயர்த்தகட்டை ஜேம் போத்தலில் இருந்து எடுத்துத் தந்தார். "இத அடிச்சிருங்க."

"முதலாளி, இது வந்து..."

"என்னா, பொருந்தாதா?"

"பொருந்துங்க."

கொதிகலனில் துளைத்தால் ஒழுகும். அடித்தட்டில் இரண்டு துளை போட்டு ஆணி அறைந்தேன். எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. யாருடைய பெயரை அடித்தேன் என்று இன்னும் தெரியாது. கேட்கக் கூச்சமாக இருந்தது.

அடுத்த வாரம் கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார். ஓடுமா என்று கேட்டார். முதலாளி என்னைக் கூப்பிட்டார். சுடுதண்ணீர் ஊற்றி விளக்கை ஏற்றினேன். சற்று நேரத்தில் தட்டிவிட்டதும் சக்கரம் சுற்றியது. வந்தவர் போனில் படம் பிடித்தார்.

"வெள்ளைக்காரன் வேலைய பாருங்க. நம்ம ஆளுகளுக்கு இந்தப் பொறுமை வராது."

"நம்ம ஆளு துலக்கத்தான் லாயக்கு," என்றார் முதலாளி. இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். கேலிதான், வன்மமில்லை.

எங்கப்பா செஞ்சது என்று வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் முதலாளி பொய்க்காரர் ஆவார். தகடு அடித்த கை யாருடையது என்றும் கேட்பார்கள். அதற்கு நான் என்ன சொல்வது?

"தண்ணி நிக்க விடாதீங்க சேர்," என்றேன். "ஓட்டினப்புறம் கவுத்து வைக்கணும். தண்ணி வத்துறதுக்கு முந்தி விளக்க அணைச்சிரணும். சிலிண்டருக்கு ஒரு சொட்டு எண்ணெய்."

"நல்லா தெரிஞ்சி வச்சிருக்கீங்களே. எங்க படிச்சீங்க?"

"பாத்துப் பழகினதுங்க."

அவர் தலையாட்டினார். பேப்பரில் சுற்றிப் பெட்டியில் வைத்து வாகனம் வரை தூக்கிப்போனேன். தண்ணீரைப் பற்றி இன்னொரு தடவை சொன்னேன். அவர் அப்போது போனில் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தார்.