பாஸ்ட் அவுட்

தொண்ணூறுகளின் நடுவில், கல்லூரியை முடித்த கையோடு எனக்கொரு நேர்முகத் தேர்வு வந்தது. திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு லாட்ஜின் மாடி அறை. சென்னை மருந்துக் கம்பெனி ஒன்று இங்கே திறக்கவிருந்த அலுவலகத்துக்கு ஆள் எடுக்க இரண்டு அதிகாரிகள் வந்திருந்தார்கள். மேலப்பாளையத்திலிருந்து தறி வேலையைப் போட்டுவிட்டு என்னைக் கூட்டி வந்த வாப்பா, கீழே வாசலில் நின்றார்.

எங்கே படித்தாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். கல்லூரியின் பெயரைச் சொல்லி, இந்த வருடம்தான் 'பாஸ்ட் அவுட்' ஆனேன் என்றேன். கண்ணாடி போட்டவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அப்படியா? யாரு தண்ணி தெளிச்சாங்க?"

எனக்குப் புரியவில்லை. பக்கத்திலிருந்தவர் விளக்கினார். "பாஸ் அவுட்னா மயக்கம் போட்டு விழறதும்மா. உங்க காலேஜ்ல மொத்தப் பேரும் விழுந்துட்டீங்களா?"

இருவரும் குலுங்கிச் சிரித்தார்கள். எனக்குக் காது மடல் எரிந்தது. எங்கள் கல்லூரி முதல்வர் மேடையில் சொன்ன வார்த்தை அது. பேராசிரியர்கள் எல்லோரும் சொன்னது. ஏன், இவர்களே சொன்னதுதான். ஃபைலிலிருந்து அவர்களுடைய ஆங்கில விளம்பரத்தை எடுத்து மேசையில் வைத்தேன். புதிதாக 'பாஸ்ட் அவுட்' ஆனவர்கள் தேவை என்று அதில் இருந்தது.

"மயங்கி விழுந்தவங்களைத்தானே சார் கூப்பிட்டிருக்கீங்க? அதான் வந்தேன்."

சிரிப்பு நின்றது. "அது டைப் அடிச்சவன் தப்பு. நீங்க போகலாம்" என்றார் கண்ணாடிக்காரர்.

என் முகத்தைப் பார்த்ததுமே வாப்பா பதறினார். "என்னளா, அழுதியா? என்ன கேட்டாவ?"

"என் இங்கிலீஷைக் கேட்டுச் சிரிச்சாவ வாப்பா."

"வேலைன்னு வரச்சொல்லிட்டுச் சிரிக்கவா செய்யுதானுவ? எந்த ரூமு?"

விறுவிறுவென்று படியேறியவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். போகட்டும் என்று விட்டிருக்க வேண்டும்.

மறுநாள் நூலகத்தில் பெரிய அகராதியைப் புரட்டினேன். மயங்கி விழுவது என்று இருந்தது. அதற்குக் கீழேயே, படைவீரர் பயிற்சி முடித்து வெளியேறுவது என்றும் இருந்தது. படிப்பை முடிப்பதற்கு நம் ஊரில் அதைச் சொல்வது அப்படியொன்றும் முட்டாள்தனம் இல்லை. எனக்கு ஆத்திரம் இன்னும் கூடியது. 'வெளிநாட்டார் கிராஜுவேட்டட் என்பார்கள்' என்று ஒரு வரி சொல்லியிருந்தால் நன்றி சொல்லிவிட்டு வந்திருப்பேன்.

அந்த வேலை கிடைக்கவில்லை. பிறகு பேட்டையில் ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியையானேன். ஒருநாள் வகுப்பில், தன் அக்கா 'பாஸ்ட் அவுட்' ஆகிவிட்டதாக ஒரு பெண் எழுந்து சொன்னாள். பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். நான் போட்ட சத்தத்தில் அடுத்த வகுப்பு ஆசிரியை வந்து எட்டிப் பார்த்தார்.