அகலமான வாசல்

புது மாதா கோயில் கட்டுவதற்காகத் தையல்காரம்மா ஞாயிறு பூசை முடிந்ததும் துணிப்பை விற்பார். வாங்காமல் நழுவுகிறவர்களைப் பார்வையாலேயே பிடித்து நிறுத்திவிடுவார்.

ஒருநாள் பங்குச் சாமியார், புதுக் கோயிலில் என்ன வேண்டுமென்று எல்லோரையும் கேட்டார். பளிங்குத் தரை என்றார்கள், மின்விசிறி என்றார்கள்.

"வாசல் அகலமா இருக்கணும் சாமி," என்றார் தையல்காரம்மா. "எங்க வீட்டுக்காரரைப் பெட்டியோட சாய்ச்சுத்தானே உள்ள கொண்டுவந்தீங்க."

பழைய கோயிலின் அந்தக் குறுகல் வாசலில் தங்கள் வீட்டுச் சவப்பெட்டியையும் சாய்த்தவர்கள்தான் கூட்டத்தில் பாதிப் பேர்.

"கல்யாணத்தன்னைக்கும் அதுல ஒருத்தர் பின்னால ஒருத்தராத்தான் நுழைஞ்சோம்," என்று முனகினார் தையல்காரம்மா.

அடுத்த ஞாயிறு பைகள் பூசைக்கு முன்பே தீர்ந்தன.

கோயில் திறந்த அன்று, தாராளமான அந்த வாசலில் தையல்காரம்மா ஓரமாக ஒதுங்கி, பக்கத்தில் இன்னோர் ஆளுக்கு இடம் விட்டு, மெதுவாக நுழைந்தார்.