கறுப்புத் துணியில் வெள்ளைத் தூள்

துவாக்குடியில் ஒரு சாயப் பட்டறையில் நான் லேப் இன்சார்ஜாக இருந்தேன். பாலியஸ்டர் துணியை நூற்று முப்பது டிகிரியில் சாயமேற்றும்போது இழையிலிருந்து ஒலிகோமர் கசியும். ஆறும்போது அது துணிமேல் வெள்ளைத் தூளாகப் படியும். காஸ்டிக் சோடா, ஹைட்ரோஸ் என்ற கடுமையான ரசாயனங்களைப் போட்டுத்தான் அதைக் கழுவிவந்தோம். அந்தக் கழிவுநீரை எங்கள் சுத்திகரிப்பு பிளாண்ட் தாங்கவில்லை. அதனால் தூளைச் சிதைக்கும் எஞ்சைமுக்கு மாறினோம். அறுபது டிகிரியில் அது வேலை செய்யும். சூடு ஏறினால் செத்துவிடும்.

முதல் பெரிய லாட் கறுப்புத் துணி. காய்ந்து வந்ததும் மேனேஜர் பாஸ்கரன் அதைத் தேய்த்துப் பார்த்தார். விரல் வெளுத்தது.

“என்னம்மா இது, கோலமாவு மாதிரி கொட்டுது?”

அந்த லாட்டின் அளவுகளை எழுதிவைக்கும் பேட்ச் கார்டை வாங்கினார். பிஎச் சரி. சூடு அறுபது, கீழே என் கையெழுத்து. மெஷின் ஆபரேட்டர் தாவூத் பாய் பக்கம் திரும்பினார்.

“எல்லாம் சரியா இருக்கு. அப்ப நீங்க எஞ்சைமே போடல. அதானே?”

“சத்தியமா போட்டேன் சார். முழு கேனும் போட்டேன்.”

“பொய் சொல்லாதீங்க. நாளையிலேர்ந்து வர வேணாம்.”

பாய் கார்டையே பார்த்துக்கொண்டு நின்றார். தெர்மாமீட்டரால் தண்ணீரை அளந்த பிறகே சூட்டை எழுத வேண்டும் என்பது நானே போட்ட விதி. அன்று அவசரத்தில் மெஷின் பேனலில் தெரிந்த எண்ணை எழுதிவிட்டேன்.

“சார், நான் அளக்கல. பேனலப் பாத்து எழுதிட்டேன்.”

மூவரும் மெஷினுக்குப் போனோம். தண்ணீர் நிரப்பிச் சூடேற்றினோம். பேனல் அறுபது காட்டியபோது வாளியில் பிடித்து அளந்தேன். எண்பத்திரண்டு. பேனல் தப்பாகக் காட்டியிருக்கிறது; பாய் போட்ட எஞ்சைம் அந்தச் சூட்டில் செத்திருக்கிறது.

“எஞ்சைமும் வேணாம், ஒண்ணும் வேணாம். காஸ்டிக்க எடுங்க!” என்றார் பாஸ்கரன்.

“ஒரே ஒரு தடவ சார். நானே நின்னு பாக்குறேன்” என்றேன்.

“சரியா வரலன்னா உனக்கும் சேத்துதான் லெட்டர்.”

தண்ணீரை மாற்றி, துணியை மறுபடி ஏற்றி, தெர்மாமீட்டரில் அறுபது வரும்வரை சூடேற்றி, எஞ்சைம் போட்டோம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்தேன். பாய் வாளியைப் பிடித்துக்கொண்டார். துணியை அலசிக் காயவைத்ததும் பாஸ்கரன் அழுத்தித் தேய்த்தார். விரலில் ஒன்றுமில்லை.

“பாய், நாளைக்கு வந்துருங்க” என்றார். எனக்கு மெமோ வந்தது, வாங்கிக்கொண்டேன்.

அதன்பின் ரொம்ப நாள், நான் சொல்லும் சூட்டைப் பாய் அப்படியே நம்பியதில்லை. தெர்மாமீட்டரைத் தானும் வாங்கிப் பார்ப்பார். நானும் கொடுப்பேன்.

லேபுக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன்: அளக்கவில்லை என்றால் கார்டில் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். காலியாக இருந்தால் யாராவது ஏன் என்று கேட்பார்கள். எண் இருந்தால் கேட்க மாட்டார்கள்.