நடுச்சுவரை எடுத்த ஞாயிற்றுக்கிழமை

பக்கத்து அறையில் பிரிண்டர் தானாக ஓடத் தொடங்கியது.

ஹேமாவதி திடுக்கிட்டாள். ஞாயிற்றுக்கிழமை, அல்லிநகரத்து ஏலக்காய்க் கம்பெனி ஆபீஸில், அங்கே நெட்வொர்க் வேலை பார்க்கும் அவளைத் தவிர ஒருவரும் இல்லை. எழுந்து போகும்போதே காரணம் பிடிபட்டது. சிரிப்புகூட வந்தது.

அரை மணி நேரம் முன்புதான் இந்த ஆபீஸையும் உத்தமபாளையம் கிளையையும் பிரிட்ஜ் போட்டு இணைத்திருந்தாள். அதுவரை ரூட்டிங்தான். இரண்டு வீட்டுக்கும் தனித்தனி வாசல் மாதிரி. எது வரலாம், எது போகலாம் என்று ரூட்டர் பார்த்துத்தான் விடும். பிரிட்ஜ் என்பது நடுச்சுவரையே எடுத்துவிடுவது. முப்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கம்ப்யூட்டரும் இதே கட்டடத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். பழைய பில்லிங் சாஃப்ட்வேர் அப்படியிருந்தால்தான் ஓடும் என்று அடம்பிடித்தவன், கிளையைப் பார்த்துக்கொள்ளும் வேல்பாண்டி. இரண்டு இடத்திலும் ஒரே மாடல் பிரிண்டர். அவன்தான் அங்கே அடிக்க வேண்டியதை இந்தப் பிரிண்டருக்கு மாற்றித் தட்டிவிட்டான் போல.

தாளை எடுத்தாள். முதலாளி சுருளிராஜனுக்கு வேல்பாண்டி எழுதிய கடிதம்.

'போன மாதம் ஏல நாளில் கிளையே முடங்கியது ஹேமாவதியின் தவறு. அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். இன்றைய இணைப்பையும் நான்தான் முடித்தேன். அவர் வேலையை என் மைத்துனருக்குக் கொடுத்தால்...'

அதற்குமேல் எழுத்து கலங்கியது.

ஒரே நெட்வொர்க் வயரின் இரண்டு முனையையும், கம்ப்யூட்டர்களை இணைக்கும் ஒரே சுவிட்ச் பெட்டியில் செருகி, தகவல் அதற்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரவைத்து, அன்று கிளையை முடக்கியவன் வேல்பாண்டி. "என் வேலை போயிரும் ஹேமா" என்று அழுதான். பாலிடெக்னிக்கில் கூடப் படித்தவன். அவளுக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. மகள் சுபாஸ்ரீ சமைந்தபோது தாய்மாமனாக நின்று சீர்த்தட்டு தூக்கியவன் அவன். அவனுக்காகத்தான் தன் தப்பு என்று கையெழுத்துப் போட்டாள். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏணி ஏறிப் பதினாலு வருஷமாகச் சம்பாதித்த நல்ல பேர் அது!

போன் அடித்தது. வேல்பாண்டி. எடுக்கவில்லை. மூன்று முறை அடித்து ஓய்ந்ததும், அவளே முதலாளியைக் கூப்பிட்டாள்.

ஒரு மணி நேரத்தில் வேல்பாண்டி வந்து நின்றான், வேர்த்து வழிய.

"ஏ ஹேமா, இங்கன ஒரு பேப்பர் வந்துச்சா? டெஸ்டுக்கு அடிச்சுப் பாத்தேன்."

"டெஸ்ட் நல்லாத்தான் வந்திருக்குண்ணே. வாசிச்சுக் காட்டவா?"

அவன் முகத்தில் ஒட்டவைத்திருந்த சிரிப்பு செத்தது. "மச்சினன் சும்மா கெடக்கான். வீட்ல ஓயாம நச்சரிக்கிறா. உனக்கென்ன, நாலு பேரு கூப்பிட்டு வேலை குடுப்பாக..."

"உங்களுக்காக எழுதிக் குடுத்ததையே எங்கழுத்துக்குக் கயிறாக்குனீகளே, எப்படிண்ணே மனசு வந்துச்சு?"

"உம்மகளுக்குத் தாய்மாமனா நின்னவன்டி நான்!"

"அத நெனச்சுத்தான் அன்னைக்குப் பொய் சொன்னேன். இப்ப மொதலாளிகிட்ட உண்மையச் சொல்லிட்டேன். பொய்யும் நாந்தான் சொன்னேன்னு சொல்லிட்டேன். நாளைக்கு ரெண்டு பேரையும் வரச் சொல்லியிருக்காக. என்னைய வச்சுக்கிருவாகளோ, போகச் சொல்லுவாகளோ, தெரியாது."

"அடிப்பாவி! எங்குடும்பத்த நடுத்தெருவுல நிறுத்திட்டியே!"

மேஜைமேல் கிடந்த அவன் ஹெல்மெட்டை எடுத்து நீட்டினாள்.

ஒரு தடவையாவது திரும்பிப் பார்ப்பான் என்று அந்தப் பாழும் மனசு ஏங்கியது. அவன் யாருக்கோ போன் பேசியபடியே படியிறங்கிப் போனான்.

ஹேமாவதி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.