பிரேக்கை மிதித்தவள்

எண்பதுகளின் தொடக்கத்தில், ஸ்ரீரங்கத்து வீட்டு வாசலில் ஒரு பழைய காரைப் பிரித்துப் போட்டேன். பெரிய கார்புரேட்டர், புது பிஸ்டன், அகலமான சைலன்சர் குழாய். எனக்கு வேகம் வேண்டும், கொள்ளிடப் பாலத்தைக் காற்றாய்க் கடக்கும் வேகம்.

பிரேக் குழாயிலிருந்து காற்றை எடுக்க மட்டும் இரண்டு பேர் வேண்டும். ஞாயிறுதோறும் மனைவி ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து பெடலை மிதிப்பாள். நான் வண்டிக்கு அடியில் படுத்துக் குழாயின் திருகாணியைத் திறந்து மூடுவேன்.

"அமுக்கு. விட்டுடாதே."

"கால் மரத்துப் போச்சுங்க. வண்டி கிளம்பினா மொத சவாரி எனக்குத்தான், சொல்லிட்டேன்."

"உனக்குத்தான்" என்றேன் அடியிலிருந்து.

வண்டி உயிர்பெற்ற காலையில், கூட வேலை பார்க்கும் நண்பர்கள் நால்வர் திருவெறும்பூரிலிருந்து வந்தார்கள். சமயபுரம் போகலாம் என்று ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். சக்கரங்களுக்கு வைக்க எலுமிச்சம்பழங்களோடு, பட்டுப்புடவையில் அவள் வெளியே வந்தாள்.

"நான் எங்க உக்காரணும்?"

"சாயங்காலம் உன்னைத் தனியா கூட்டிட்டுப் போறேனே."

யாரும் இறங்கவில்லை. யாரையும் நான் இறங்கச் சொல்லவுமில்லை. அவள் குனிந்து நான்கு சக்கரத்துக்கும் பழம் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

"பாத்து ஓட்டுங்க."

பழங்கள் நசுங்க, கிளம்பினேன். கொள்ளிடப் பாலம் தாண்டியதும் ஒரு மாட்டுவண்டி குறுக்கே திரும்பியது. மிதித்தேன். முதல் மிதியிலேயே கார் கட்டிப்போட்டதுபோல் நின்றது.

"யப்பா! என்னமா பிடிக்குது! பிரேக் வேலை யாருடா பாத்தது?" என்றான் பின்னால் இருந்தவன்.

"நான்தான்" என்றேன்.

சாயங்காலம் திரும்பியபோது பட்டுப்புடவை மடித்துப் பெட்டிக்குள் போயிருந்தது. "வா, போகலாம்" என்றேன்.

"இன்னொரு நாள் பாக்கலாங்க" என்றாள், கோபமே இல்லாமல்.