கொளஞ்சிநாதனின் தேக்குக் கோல்

சக்கரத்தைக் குப்புறக் கவிழ்த்து, அதன் முதுகின் மேல் இரும்புப் பட்டை ஒன்றைக் குறுக்கே வைத்து, பட்டையை ஒட்டித் தேக்குக் கோலை உள்ளே இறக்கி, இடது கண்ணை மூடிக்கொள்கிறார் கொளஞ்சிநாதன். அந்த நேரத்தில் யாரும் பேசக் கூடாது. பஸ் ஹாரன் அடித்தால்கூட ரோட்டைத் திரும்பி முறைப்பார். போல்ட்டு உட்காரும் முகத்தில் கோல் தட்டியதும் அளவை வாய்விட்டு மூன்று தரம் சொல்வார், ஏலம் விடுகிற மாதிரி.

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் என் இட்லிக் கடைக்கு அடுத்த கடை அவருடையது. காரோடு வந்த சக்கரம் பிடிக்காதவர்களுக்கு வேறு சக்கரம் மாட்டிக் கொடுக்கிற தொழில். வந்த சக்கரத்துக்கு என்ன குறை என்று நானும் பலரைக் கேட்டிருக்கிறேன். "பின்னாலேருந்து பார்த்தா ஒல்லியா இருக்குது பெரியம்மா" என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் தொப்பையைத் தூக்கிக்கொண்டுதான் காரை விட்டு இறங்குவார்கள்.

கடைச் சுவரில் நீலமாக எழுதியிருப்பதை வருகிறவர்களெல்லாம் உரக்கப் படிப்பதால் எனக்கு மனப்பாடம்: 'அளந்து மாட்டுவோம். உரசினால் சக்கரம் எங்களுடையது.' பதினோரு வருஷத்தில் ஒரு சக்கரமும் அப்படித் திரும்பி வந்ததில்லை. தலை நிமிர்ந்து நடக்க அவரிடம் இருப்பது அந்த ஒரு வரிதான்.

எனக்கு எழுத்து தெரியாது. சக்கரத்தில் பொறித்திருக்கிற எண்ணைப் படிக்க மாட்டேன். கொளஞ்சிநாதனுக்கு எழுத்து தெரியும். அவரும் படிக்க மாட்டார். "அச்சுல என்னா வேணா அடிப்பான். நம்ம அளந்தாதாங்க அளவு." ஸ்டீல் டேப்பும் அவருக்கு ஆகாது. "வளையிற சாமான் எப்புடி நேரச் சொல்லும்?"

நேரைச் சொல்வது கோல். சூளையை மூடிவிட்ட ஒரு பீங்கான் கம்பெனியின் சாமான்களை ஏலம் விட்டபோது எடுத்தது. பித்தளை முனை, பள்ளமாக வெட்டிய கோடுகள். வெள்ளிக்கிழமையானால் அதற்குப் பொட்டு உண்டு. மனைவி அம்புஜவல்லிக்குக்கூட அதைத் தொட அனுமதி இல்லை.

வருகிறவர்களுக்கு ஆஃப்செட் பாடமும் உண்டு. "சக்கரத்தோட அகலத்துல பாதி, அது நடுக்கோடு. போல்ட்டு ஒக்கார்ற முகம் அந்தக் கோட்ட விட்டு எவ்ளோ தள்ளியிருக்குதோ அதாங்க ஆஃப்செட்டு. கவுத்துப் போட்டு கோல எறக்குனா வர்றது முதுகு ஆழம்; அது பாதிக்கு மேல போனா சக்கரம் வண்டிக்குள்ள அடங்கும். கொறஞ்சா வெளிய துருத்தும். மனுசனும் அப்புடித்தான்." கடைசி வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் பாடம் நீளும்.

மாட்டி முடித்ததும் பாரம் ஏற்றிப் பார்ப்பார். அதற்கு என்னைத்தான் கூப்பிடுவார். "பெரியம்மா, கொஞ்சம் பின் சீட்டுல ஒக்காருங்க." நான் ஏறினால் வண்டி இரண்டு விரற்கடை இறங்கும். அதை ஊரறியச் சொல்வது அவர் வழக்கம்.

இரண்டு வருஷத்துக்கு முன் அப்படி ஒரு நாள், வேறு வேலை இல்லாமல் அந்தக் கோலின் மேல் கையை விரித்துச் சாண் வைத்துப் பார்த்தேன். பீங்கான் கம்பெனியில் பூச்சுப் பிரிவில் இருபது வருஷம் இருந்தவள் நான். என் சாண் எட்டரை இஞ்சு; அதை வைத்தே தட்டு அடுக்கியிருக்கிறேன். கோல் ஏழே முக்கால் என்றது.

"தம்பி, இந்தக் கோலு சரியில்ல" என்றேன்.

"கோலு சரிதான் பெரியம்மா. வயசாவுதுல்ல, ஒங்க கை சுருங்கிப்போச்சு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் அதை மறக்கவில்லை.

போன மாதம் தேவநாதன் வந்தான். ஏழு பேர் போகிற வாடகை வண்டி வைத்திருக்கிறான். வெள்ளிக்கிழமை மங்கலம்பேட்டையில் ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போக வேண்டும். துபாயிலிருந்து பிள்ளை வருகிறான். "அந்தத் தெருவுக்கு மொத சவாரிண்ணே. வண்டி பார்க்க ஜம்முன்னு இருக்கணும்." அவன் போனில் காட்டிய சக்கரம் கடையில் இல்லை. எப்போதும் கையிருப்பில் அளந்துதான் மாட்டுவார். முதல் தடவையாகச் சென்னைக் கடை ஒன்றுக்குப் போன் போட்டார். அகலம் எட்டு என்று தேவநாதன் பிடிவாதமாகச் சொன்னான். வண்டிக்கு வேண்டிய முதுகு ஆழத்தைக் கோல் வைத்து இவர் பார்த்தார். "அஞ்சு, அஞ்சு, அஞ்சு."

புதன்கிழமை சக்கரம் வந்தது. மாட்டினார்கள். நானும் இன்னும் நான்கு பேரும் ஏறினோம். திட்டக்குடி ரோட்டு வேகத்தடையில் பின்பக்கம் சர்ரென்று உரசி ரப்பர் வாசனை வந்தது. எட்டிப் பார்த்தால் சக்கரம் அரை இஞ்சு வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது.

"அண்ணே, நாளான்னைக்கு ஏர்போர்ட்டு. ஏழு பேரு, பொட்டி வேற" என்றான் தேவநாதன்.

கடைக்குத் திரும்பியதும் கொளஞ்சிநாதன் ஒரு சக்கரத்தைக் கழற்றிக் கவிழ்த்தார். கண்ணை மூடினார். முகம் மலர்ந்தது. "நாலரை. அஞ்சு கேட்டா நாலரை அனுப்பியிருக்கான் திருட்டுப்பய." உடனே போன், எல்லாரும் கேட்கும்படி.

"சார், அஞ்சுதான் சார். டேப்பு வெச்சுப் பாருங்க" என்றது போன்.

எதிர்க்கடை ஆசாரியிடமிருந்து தேவநாதன் டேப் வாங்கி வந்தான். டேப் ஐந்து என்றது. கோல் நாலரை என்றது. தேவநாதன் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். கொளஞ்சிநாதன் என்னைப் பார்த்தார். எனக்குத்தான் கை சுருங்கிப்போனதே, அதே கையை விரித்துக் கோலின் மேல் சாண் வைத்தேன்.

"இது பச்ச மண்ணுக்கு உள்ள கோலு தம்பி. பச்சையில பதினோரு இஞ்சு செஞ்சாதான் சூளையில வெந்து பத்தா வரும். அதுக்காவ கோட்டையே தள்ளித் தள்ளி வெட்டியிருப்பாங்க. இதுல அஞ்சுன்னா நெசத்துல அஞ்சரை. ஒன் சக்கரத்த சூளையில வெச்சா எடுக்கப்போற?"

"அப்ப பதினோரு வருஷமா ஒண்ணுகூட ஒரசலியே?" என்றார் கொளஞ்சிநாதன்.

எப்படி உரசும்? வண்டியையும் அந்தக் கோலால் அளந்தார், சக்கரத்தையும் அந்தக் கோலால் அளந்தார். இரண்டு இடத்திலும் ஒரே பொய்யைச் சொன்னதால் அது உண்மையாகவே ஓடியது. சென்னைக்காரனிடம் சூளைக் கோல் இல்லாததுதான் குற்றம்.

சுவரில் இருந்த நீல எழுத்தைப் பார்த்தார். பிறகு ஜாக்கியை எடுத்தார். "சுவத்துல எழுதுனது எழுதுனதுதான். பழைய சக்கரத்த உருட்டிட்டு வா தேவநாதா." நான்கையும் அவர் கையாலேயே மாட்டினார். புதுச் சக்கரங்கள் நான்கும் கடைக்குள் அவருடையதாகப் போய் உட்கார்ந்தன. வெள்ளிக்கிழமை ஒல்லிச் சக்கரத்தோடுதான் வண்டி ஏர்போர்ட்டுக்குப் போனது; பின்னாலிருந்து பார்க்க யாருக்கும் நேரமில்லையாம், எல்லாரும் பிள்ளையைப் பார்த்தார்களாம்.

சனிக்கிழமை காலை மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். புது ஸ்டீல் டேப் ஒன்றை வாங்கி வந்து உறையைக் கிழித்தார் கொளஞ்சிநாதன். இருபக்கமும் பார்த்தார். டேப்பை நீளமாக இழுத்துத் தரையில் படுக்க வைத்து, வளையாமல் இருக்க இரண்டு முனையிலும் ஆளுக்கொரு சக்கர நட்டைப் பாரமாக வைத்தார். உள்ளே போய்த் தேக்குக் கோலை எடுத்து வந்து, அதன் மேல் வைத்து, இடது கண்ணை மூடி, டேப்பை அளக்க ஆரம்பித்தார்.