துரை உயரத்து ஆணி

என் கொம்பாஸ் பெட்டியில் இருந்த கவராயமும் பென்சிலும் தொலைந்து வெகுகாலமாகிவிட்டது. இப்போது அதற்குள் கிடப்பது ஒரே ஒரு ஆணிதான். விரல் நீளம், தலை ஒரு பக்கம் நசுங்கியிருக்கும், தொட்டால் துரு கையில் ஒட்டும். இரத்தோட்டைக்கு மேலே, நான் பிறந்த தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்தக் கூலிவீட்டு வரிசையில், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவின் வாசற்காலில் அடித்திருந்த ஆணி அது. அடித்தவர் அப்பா. அடித்த உயரம் தோட்டத்து மேலாளரான துரையின் கழுத்து உயரம். அதற்கு நேர் கீழே, துரையின் முழங்கால் மட்டத்தில், சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்திருந்தது. அம்மா மாலையைக் கட்டி முடித்து ஆணியில் தொங்கவிட்டால் அதன் குஞ்சம் அந்தக் கோட்டைத் தொடவேண்டும். தொட்டால் மாலை சரி. தொடாவிட்டால் இன்னும் பூ வேண்டும்.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பங்களா வாசலில் துரைக்கு மாலை போட்டுப் பழத்தட்டை நீட்டிக் கும்பிடுவது தோட்டத்து வழக்கம். புதிய துரை வந்தாலும் மாலை, பழைய துரை போனாலும் மாலை. அத்தனையும் எங்கள் காம்பராவில்தான் கட்டப்பட்டன. அம்மா கொழுந்து பறிக்கிறவள். அப்பா போன பிறகு அவளுடைய ஒரு பேர்க் கூலியில்தான் நான் சாப்பிட்டேன், படித்தேன். மாலை கட்டும் நாளில் மட்டும் அவள் மலைக்குப் போகவேண்டியதில்லை. பக்கத்துக் காம்பரா சித்தி அதற்காகவே வம்புக்கு இழுப்பாள்: "ஒனக்கென்னக்கா, துரைக்கு மால போட்டே காலத்த ஓட்டிருவ." அம்மா பூவிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்வாள்: "நான் கட்டுறவ. போடுறது கங்காணி. கழுத்து நோவு துரைக்கு. ஒனக்கு எங்கடி வலிக்குது?"

துரைமார் மாறினார்கள், ஆணி மாறவில்லை. வெள்ளைக்காரர்கள் போன பின் வந்தவர்களும் நெடுநெடுவென்றுதான் இருந்தார்கள். "துரையின்னா ஒசரமாத்தான் இருப்பாங்க" என்று அம்மா நம்பினாள். அந்த லயத்தில் எல்லோருமே அப்படித்தான் நம்பினார்கள். தேயிலைக்கு உரம் போடுவதுபோல, துரைக்கு உயரம் என்பது கேள்விக்கு இடமில்லாத காரியம்.

பிறகு அரசாங்கம் தோட்டத்தை எடுத்துக்கொண்டது. அது பஞ்ச காலமும்கூட. செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் பேர் விழுந்த நாட்கள் கிழமைக்கு இரண்டாகி, ஒன்றாகி, பிறகு இல்லாமலே போயின. மரவள்ளிக் கிழங்கை அவித்துத் தின்றோம். கிழங்கு தீர்ந்தபின் அதன் இலையை அவித்தோம். காம்பராக்களின் பின்னால் இருந்த செவ்வந்திப் பாத்திகளையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு எல்லோரும் கிழங்கு நட்டிருந்தார்கள். அம்மாவும்தான். அப்போதுதான் செய்தி வந்தது: தோட்டத்தைப் பொறுப்பெடுக்கப் புதிய அதிகாரி ஒருவர் வருகிறார், லயத்தில் யாரை வைத்துக்கொள்வது, யாரை வெளியே போடுவது என்று அவர்தான் முடிவு செய்வார்.

எங்கள் குடும்பத்தில் எழுத்துப் படித்த முதல் ஆள் நான். தோட்டப் பள்ளியில் ஐந்தாவது முடித்து, பஸ் ஏறி மாத்தளையில் போய்ப் படித்து, சாதாரண தரப் பரீட்சையும் தேறியிருந்தேன். அதனால் லயத்து ஆட்களை வெளியே போடவேண்டாம் என்று மனு எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அதைப் பொறுப்பாக அல்ல, பெருமையாகவே எடுத்துக்கொண்டேன். சிங்களத்தில் மூன்று பக்கம். திருத்தித் திருத்தி எழுதினேன். யாரிடம் எப்படிக் கொடுப்பது என்று விசாரிக்க மாத்தளை அரசாங்கக் கந்தோருக்கும் போனேன். அங்கே அந்த அதிகாரியையே பார்த்தேன். நல்ல மனிதராகத்தான் பேசினார். "ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் சரி சொல்லி, "அங்கே வரும்போது பார்ப்போம்" என்றார். சட்டைப் பையில் இருந்த பேனா, பேப்பரைப் புரட்டிய விரல், நான் சொன்ன ஒரு சிங்களச் சொல்லை மெல்லத் திருத்திய விதம் எல்லாம் நினைவிருக்கிறது. அவர் சொல்வதைக் கேட்க நான் குனிந்ததும் நினைவிருக்கிறது. நான் ஒன்றும் உயரமானவன் இல்லை. ஆனாலும் குனிந்தேன். அவர் தலை என் தோள் மட்டத்தில்தான் இருந்தது. இதெல்லாம் என் கண்ணில் பட்டது, புத்தியில் படவில்லை.

வீட்டுக்கு வந்து மனுவை அம்மாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "இதுல நம்ம பேரு எங்கடா இருக்கு?" என்றாள். கடைசிப் பக்கத்தில் தொட்டுக் காட்டினேன். அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு, "அவருக்கு மால கட்டணும்" என்றாள்.

அதிகாரி வரும் நாள் விடிந்ததிலிருந்து அம்மா பூவுக்கு அலைந்தாள். கோயிலடிச் செவ்வரளியில் இரண்டு கை, பழைய காப்பிச் செடிகளில் கொஞ்சம். செவ்வந்தி இல்லாத மாலை அவளுக்கே அதுதான் முதல் தடவை. கவ்வாத்து வெட்டாமல் விட்ட மலையில் தேயிலை பூத்துக் கிடந்தது. நன்றாகப் பார்க்கிற தோட்டத்தில் தேயிலை பூக்காது, பூக்க விடமாட்டார்கள். அந்தச் சின்ன வெள்ளைப் பூவை அம்மா மடி நிறையப் பறித்து வந்தாள். சித்தி வாசலில் நின்று, "பூத்த தேயிலையவா காட்டப் போற? தோட்டம் காடாப் போச்சுன்னு நாமளே சொல்லிக்குடுக்குற மாதிரி" என்றாள். "காடாக்குனது நானாடி? கைய வீசிட்டு நிக்காம நார எடுத்துக் குடு."

ஊறவைத்த வாழை நாரைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, இந்தப் பக்கம் இரண்டு பூ, அந்தப் பக்கம் இரண்டு பூ, ஒரு சுற்று, ஒரு முடிச்சு. தேயிலைப் பூவுக்குக் காம்பு குட்டை. முடிச்சு இறுகினால் தலை உதிரும், தளர்ந்தால் பூ நழுவும். காலையிலிருந்து அவள் வயிற்றில் பாலில்லாத வெறும் சாயத்தண்ணிதான். முடிச்சு தவறும்போதெல்லாம் கையை உதறிவிட்டு மறுபடி தொடங்கினாள். நான் மூலையில் உட்கார்ந்து மனுவின் நல்ல பிரதியை எழுதிக்கொண்டிருந்தேன். மத்தியானம் அவள் எழுந்து மாலையை ஆணியில் மாட்டினாள். குஞ்சம் கோட்டுக்கு மேலேயே நின்றுவிட்டது.

"ஒரு மொழம் கொறையுதுடா தம்பி."

"கொறைஞ்சா என்னம்மா? மாலையப் பாத்தா நம்மள வெச்சிருக்கப் போறாரு? மனுவத்தான் பாப்பாரு."

"மனு ஒன் கையில. மால என் கையில. ஆளுக்கு ஒண்ணாச் செய்வோம்" என்று சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மறுபடி பூவுக்கு இறங்கினாள். மழை பிடித்துவிட்டிருந்தது. திரும்பி வந்தபோது கால் இரண்டிலும் அட்டை கடித்த இரத்தம் மழைத் தண்ணீரோடு கலந்து வழிந்தது. அதைத் துடைக்கக்கூட இல்லை. உட்கார்ந்து மிச்சத்தைக் கட்டினாள். மூன்று மணிக்குக் குஞ்சம் சுண்ணாம்புக் கோட்டைத் தொட்டது. அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

ஜீப் வந்தது. முன் சீட்டிலிருந்து அந்த மனிதர் குதித்து இறங்கினார். அந்த நொடியில்தான் மாத்தளையில் நான் குனிந்து நின்றது எனக்கு ஞாபகம் வந்தது. கங்காணி கும்பிட்டுவிட்டு மாலையைப் போட்டார். அது கழுத்திலிருந்து நெஞ்சைத் தாண்டி, முழங்காலைத் தாண்டி, சப்பாத்துக்கு மேலே போய் நின்றது. முதலில் சிரித்தது எங்கள் லயத்து ஆள்தான். யார் என்று தெரியவில்லை. பசியில் இருப்பவனுக்குச் சிரிப்பை அடக்கவும் தெம்பு வேண்டும் போலிருக்கிறது. பிறகு ஜீப் சாரதி, அதிகாரியின் இடுப்புக்குக் கீழே கால்வரை தொங்கிய பூவைக் காட்டி, சிங்களத்தில், "மஹத்தயாவுக்குச் சாரமும் கட்டிவிட்டார்கள்" என்றான். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அதிகாரி சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. முகம் சிவக்க, மாலையைத் தலைவழியே கழற்றி ஜீப்பின் மூக்கில் போட்டார். நான் நீட்டிய மனுவைப் பிரிக்காமல் கோப்புக்குள் செருகினார். கோப்பு திறந்த அந்தக் கணத்தில் உள்ளே இருந்த தாளைப் பார்த்தேன். டைப் அடித்த பெயர்ப் பட்டியல். அம்மாவின் பெயர் அதில் இருந்தது. வெளியேற வேண்டியவர்களின் பட்டியல் அதுதான் என்பது, மறுவாரம் அதே தாளைக் கந்தோர் பலகையில் ஒட்டியபோது தெரிந்தது.

கிளம்பிய அன்று கவ்வாத்துக் கத்தியால் நெம்பி ஆணியைப் பிடுங்கினேன். ஏன் பிடுங்கினேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

மாத்தளையில் ஒரு தகரக் கொட்டிலில் ஒண்டினோம். முஸ்லிம் முதலாளி ஒருவரின் கடையில் அம்மா மிளகு புடைத்தாள். முத்துமாரியம்மன் கோயில் தெருவில் பூக்கடைப் பக்கம் வந்தால் முக்காட்டை இழுத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடுவாள். கை சும்மா இருக்கும் நேரங்களில் தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்: "ஒரு மொழம். அந்த ஒரு மொழந்தான்." பட்டியல் முன்கூட்டியே தயாராக இருந்தது, மாலையால் எதுவும் மாறவில்லை என்று எத்தனையோ தடவை சொன்னேன். "படிச்சவன்ல, ஆறுதலுக்கு ஆயிரஞ் சொல்லுவ" என்பாள். உண்மையைச் சொன்னபோது அவள் நம்பவில்லை. நம்பியிருக்கக்கூடிய இன்னொரு உண்மையை நான் சொல்லவில்லை. அந்த ஆளை நான் முன்பே பார்த்திருந்தேன் என்று. மத்தியானம் ஆணியில் தொங்கிய குறை மாலை அவருக்கு அளவெடுத்ததுபோல இருந்திருக்கும் என்று. மழையில் அவள் இறங்கியபோது நான் தலை நிமிர்ந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும் என்று. எங்களை வெளியேற்றுவதை அது தடுத்திருக்காது. ஆனால் எங்களைத் தெருவில் நிறுத்தியது தன் கைதான் என்று நம்பிக்கொண்டு அவள் இத்தனை நாள் இருந்திருக்க மாட்டாள்.

போன மார்கழியில் அம்மா போய்விட்டாள். அவளுக்கு மாலையைக் கடையில் வாங்க மனம் வரவில்லை. செவ்வந்தி வாங்கி வந்து, நாரைக் கால் விரலில் மாட்டி நானே கட்டினேன். கட்டிய அனுபவம் இல்லை, பார்த்த அனுபவம்தான். எங்கே நிறுத்துவது என்று யோசிக்கவே இல்லை. கை தானாக ஒரு இடத்தில் நின்றது. கொண்டுபோய்ப் போட்டபோது மாலை அவள் பாதத்தையும் தாண்டிப் பாயில் கிடந்தது. இரத்தோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்திருந்த சித்தி குனிந்து பார்த்து, "நீளமாப் போச்சே தம்பி, அறுத்துருவமா?" என்றாள். வேண்டாம் என்றேன். மிஞ்சியதை மடித்து அவள் காலடியில் வைத்தேன். ஒரு முழம் இருந்தது.

இப்போது இருப்பது வாடகை அறை. மரவாசல், நல்ல வாசற்கால். சட்டை மாட்ட ஒரு ஆணி தேவையாகத்தான் இருக்கிறது. கொம்பாஸ் பெட்டியைத் திறந்து அதை எடுக்கிறேன், வாசற்காலில் வைத்துப் பார்க்கிறேன். எந்த உயரத்தில் அடிப்பது என்று தெரியாமல் திரும்பப் பெட்டியில் போடுகிறேன்.